பதினோராவது கையெழுத்து

மகாதேவய்யர் வீட்டு அழைப்பு மணியை சத்தியதாஸ் இரண்டாவது முயற்சியில்தான் அழுத்தினான். முதல் தடவை விரல் பொத்தானுக்கு முன்னாலேயே காற்றை அழுத்திவிட்டு நின்றது. இது அவனுக்குப் பழகிப்போன சங்கதி. டீக்கடையில் தம்ளர் வாங்கும்போதும், பஸ் கம்பியைப் பிடிக்கும்போதும், படி இறங்கும்போதும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மேலே போவான். பார்க்கிறவர்கள் நிதானமான பையன் என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

தோளில் தொங்கிய பையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் கண்ணில் வைத்துப் பார்க்கிற பிளாஸ்டிக் கருவி ஒன்றும் நூறு அட்டைகளும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரே காட்சி இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். கருவியில் செருகிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, மலை மலையாகவே முன்னால் வந்து நிற்கும், பாலம் மூக்கை இடிக்க வரும். வருகிறது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள். பதினாலு மாதமாக இதைத் திருவனந்தபுரம் முழுக்க வீடு வீடாகச் சுமந்து விற்கிற சத்தியதாஸ் ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் அந்த வித்தை நடக்கும். அவனுடைய வலது கண் வெளியே பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். உள்ளே வெறும் பஞ்சு மூட்டம். படம் அவனுக்குப் படமாகவே இருந்தது. பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அவன் தொழில் கற்றுக்கொண்டான். பாலத்துக்குத் தலையைப் பின்னால் இழுப்பார்கள். அருவிக்கு வாய் திறக்கும். வாய் திறந்தால் ஆர்டர் நிச்சயம்.

பாடமெல்லாம் மேனேஜர் ஞானசிகாமணி கொடுத்தது. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் கம்பெனி. ஞானசிகாமணி எங்கிருந்தோ ஒரு பழைய வெள்ளைக்காரப் புத்தகத்தைப் பிடித்து, தானே தமிழாக்கி, ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்திருந்தார். “நூறு வருஷத்துக்கு முன்ன அமெரிக்காவில காலேஜ் பயலுவ லீவுக்கு இறங்கி வித்த சாதனமாக்கும் இது. அவனுவ படிச்ச பாடந்தான் உனக்கும். தெருவில பெரிய வீட்டுக்காரன் பேரு ஆர்டர் புஸ்தகத்தில முதல் வரியில விழணும் பாத்துக்க. மத்தவன் படத்தப் பாத்தா வாங்குகான்? பேரப் பாத்துல்லா வாங்குகான்.” பார்க்கிறவர் பார்க்கும்போது பேசக் கூடாது என்பது முதல் பக்கம். முதல் சுற்றில் ஆர்டர், அடுத்த சுற்றில் சாமான் என்பது இரண்டாம் பக்கம். யார் என்ன குறை சொன்னாலும் அதற்கு ஒரு பதில் ஏதாவது ஒரு பக்கத்தில் தயாராக இருந்தது.

சேர்கிற அன்றே எல்லாருடைய அசல் சான்றிதழ்களையும் வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவதுமட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. இருநூறு பெட்டி விற்றால் திருப்பித் தருவதாகப் பேச்சு. சத்தியதாஸ் இருநூறை நெருங்கியபோது அது முந்நூறாகிவிட்டது. இதற்குள் ஊரிலிருந்து இரண்டு நேர்காணல் கார்டுகள் வந்தன. நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு இடத்திலும் வாசலோடு திரும்பினான். இப்போது மூன்றாவது கார்டு. குழித்துறையில் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு உதவியாளர், திங்கட்கிழமை காலை பத்து மணி, அசல் இல்லாதவர்கள் உள்ளே விடப்படமாட்டார்கள். முந்திரி ஆலையில் வேலை செய்கிற அம்மா ராகேல் கார்டின் ஓரத்திலேயே எழுதியிருந்தாள்: உனக்கு இருபத்தெட்டு ஆகுது மக்களே, இதையும் விட்டிராத.

கார்டை நீட்டியபோது ஞானசிகாமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஸ்ரீவராகத்துத் தெருவில பதினொண்ணு ஆர்டர் கிடக்குல்லா. பதினொண்ணுக்கும் பெட்டி குடுத்துக் கையெழுத்து கொண்டு வா, பீரோவத் திறக்கேன். சனியாழ்ச்ச ஒரு மணி வரைக்கும் இருப்பேன். அதுக்குப் பொறவு எறணாகுளம் வண்டி. இனி புதனாழ்ச்சதான்.”

வெள்ளிக்கிழமை பத்து வீட்டில் பெட்டி இறங்கிவிட்டது. பத்து வீட்டிலும் ஒரே கேள்விதான்: எச்.எம். ஆத்துல வாங்கியாச்சா? ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மகாதேவய்யரின் பெயரை நம்பித்தான் அந்தத் தெருவே ஆர்டர் கொடுத்திருந்தது. அவர் அன்று சுசீந்திரம் போயிருந்தார். அவர் வீட்டிலிருந்து பெட்டி திரும்பி வருவதைத் தெரு பார்த்தால், மற்ற பத்தும் மத்தியானத்துக்குள் பின்னாலேயே வந்துவிடும். அது சத்தியதாஸுக்கு நன்றாகத் தெரியும். இன்று சனிக்கிழமை, ஒரு மணிக்குள் அந்தக் கையெழுத்து வேண்டும்.

கதவைத் திறந்தது மருமகள் தர்மாம்பாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தவள், புருஷன் மஸ்கட்டில். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் அனந்தலக்ஷ்மி நின்றாள். பெட்டி அந்தக் குழந்தைக்காகத்தான்.

“வாரும். என் பேரைச் சொல்லித் தெரு முழுக்க வித்தாச்சாமே” என்றார் மகாதேவய்யர். கோபமில்லை, பெருமைதான். கருவியை வாங்கி அருவிப் படத்தைச் செருகினார். வாய் திறந்தது. “சாரல் மேல தெறிச்சுடும் போலன்னா இருக்கு. அனந்தி, இங்க வா.”

குழந்தை கருவியைக் கண்ணில் வைத்தாள். வைத்ததும் முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சத்தியதாஸ் அதைக் கவனித்தான். அவனுடைய நாலாம் வகுப்பு போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் நேராகப் பார்க்க, அவன் ஒருத்தன் இப்படித்தான் திருப்பிக்கொண்டு நிற்பான்.

“கலண்டர் மாதிரி இருக்கு தாத்தா.”

“தண்ணி முன்னாடி வரலையோடீ?”

“எங்கே வரணும்?”

கேள்வி நியாயமான கேள்வி. சத்தியதாஸ் அதை மனசுக்குள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். சட்டைப்பையிலிருந்து கம்பெனிச் சீட்டை எடுத்து, கருவியின் வலது கண்ணாடியை மறைத்தான். “இப்ப எப்படி இருக்கு?” அப்படியேதான் இருக்கிறது என்றாள். சீட்டை இடது கண்ணாடிக்கு மாற்றினான்.

“படம் எங்கே போச்சு?” கருவியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தாள். “எல்லாம் பஞ்சா இருக்கு.”

மகாதேவய்யர் சிரித்தார். “நீர் மறைச்சா எப்படித் தெரியும்? விளையாட்டா?”

சத்தியதாஸுக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் டாக்டர் ராகேலைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏழு வயசுக்கு முன்னால் கொண்டு வந்திருந்தால் நல்ல கண்ணைக் கட்டிவைத்து, சோம்பின கண்ணை வேலை வாங்கியே சரி பண்ணியிருக்கலாம், இனி கஷ்டம் என்றார். அம்மா அதற்கு முன் காட்டாமல் இல்லை. ஊர்க் கம்பவுண்டரிடம் மூன்று தடவை காட்டினாள். வளர வளரச் சரியாகிவிடும் என்று மூன்று தடவையும் அவர் சொன்னார். அம்மாவும் நம்பிவிட்டாள். அதற்காக அவள் தன்னையே வெகுகாலம் ஏசிக்கொண்டாள்.

“என்ன ஓய், பெட்டியிலே கோளாறா?” என்றார் மகாதேவய்யர்.

குழந்தைக்குத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது? அதற்கு ஒன்பதாம் பக்கம். வாய் தானாகத் திறந்தது. “கோளாறு ஒண்ணும் இல்ல சார். சின்னப் பிள்ளைகளுக்குப் பழகப் பழகத் தெரியும்.”

“அதைத்தான் நானும் நினைச்சேன். புஸ்தகத்தைக் குடும்.” நேர்கோட்டில் வைத்த மாதிரி அழகாகக் கையெழுத்துப் போட்டார். பதினோராவது கையெழுத்து. மணி பத்தேகால். சத்தியதாஸ் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். மனசு லேசாக வேண்டும், ஆகவில்லை. மூன்று படியையும் காலால் தடவித் தடவி இறங்கினான்.

“மாமா, உங்க சீட்டு” என்று அனந்தலக்ஷ்மி பின்னாலேயே ஓடி வந்தாள். அவன் மறந்துவிட்டு வந்த கம்பெனிச் சீட்டு. அவள் கையை நீட்டினாள், அவனும் நீட்டினான். இரண்டு கையும் சேரவில்லை. சீட்டு நடுவில் விழுந்தது. அதைப் பிடிக்கப் போன குழந்தை கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்து, முட்டி சிராய்க்க விழுந்தாள்.

“எத்தனை தடவை சொல்றது, பாத்து இறங்குன்னு” என்றாள் தர்மாம்பாள், தூக்கிவிட்டுக்கொண்டே.

“பாத்துதாம்மா இறங்கினேன்.”

சத்தியதாஸுக்கு அந்தப் பதில் சொந்தப் பதில். அம்மாவிடம் எத்தனை முட்டி சிராய்ப்புக்குச் சொல்லியிருப்பான். சீட்டை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தான். ஐந்தாவது அடி எழும்பவில்லை. திரும்பி வந்தான்.

“அம்மா, பிள்ளைக்கு வலது கண்ணு...”

தர்மாம்பாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “உள்ளே வாங்கோ” என்றாள் மெல்ல.

உள்ளே நின்று சத்தியதாஸ் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பதாம் பக்கம் பொய் என்றான். ஏழு வயசுக் கெடுவைச் சொன்னான். தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினான். “எனக்கும் இதே குறைதான் சார். இந்தப் படம் ஒண்ணும் நான் கண்டதில்ல.”

“அப்போ ஆர்டர் எடுக்க வந்தப்போ சாரல், பாலம்னு நீர் அளந்ததெல்லாம்?”

“பிறத்தியார் சொல்லிக் கேட்டதாக்கும்.”

மகாதேவய்யர் அவனை முறைத்தார். குரலை உயர்த்தவில்லை; உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். “பெண் கொழந்தை. நாளைக்கு ஒருத்தன் கையிலே பிடிச்சுக் குடுக்கணும். வெளியிலே ஒரு வார்த்தை போகப்படாது, கேட்டீரா? பெட்டி இங்கேயே இருக்கட்டும். கையெழுத்தும் இருக்கட்டும். மேட மாசம், சித்திரையிலே, சீனு மஸ்கட்லேர்ந்து லீவுக்கு வருவான். அவன் வந்து பாத்துப்பான்.”

“மேடத்துக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு சார். பிள்ளைக்கு எப்ப ஏழு முடியுது?”

“கார்த்திகையிலே” என்றாள் தர்மாம்பாள்.

“நீர் கிளம்பும்” என்றார் மகாதேவய்யர்.

கையெழுத்து போகவில்லை. உண்மையையும் சொல்லியாயிற்று, பதினொன்றும் பையில் பத்திரமாக இருக்கிறது. அப்பாடா என்று ஒரு கணம் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கமும் வந்தது. வாசலுக்குப் போனவனை முந்திக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கி, தர்மாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“தர்மா” என்றார் மாமனார். அவ்வளவுதான் சொன்னார்.

“போயிட்டு வந்துடறேன்பா.” நிமிர்ந்து சத்தியதாஸைப் பார்த்தாள். “கண்ணாஸ்பத்திரிக்கு எந்த பஸ்? நேக்கு மலையாளம் பேச வராது. தனியாப் போய்ப் பழக்கமும் இல்லே. நீங்களும் வரேளா?”

பஸ் நம்பரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கலாம். டோக்கன் பதினொன்றரைவரைதான் கொடுப்பார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டுக்கெல்லாம் தம்பானூர் போய்விடலாம் என்று அவன் மனசு சமாதானம் சொன்னது. நடந்தான். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்கள்.

டோக்கன் எண்பத்து நாலு. உள்ளே அறுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. வராந்தா பெஞ்சில் தர்மாம்பாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். தன் உள்ளங்கையால் குழந்தையின் இடது கண்ணைப் பொத்துவாள், “இது எத்தனை விரல்?” என்பாள், பதில் வராது, கையை எடுத்துவிடுவாள். மறுபடி பொத்துவாள். எழுபது ஆனபோது போய்விடலாமா என்று சத்தியதாஸ் எழுந்தான். நர்ஸ் வந்து மலையாளத்தில் பெயரும் வயசும் கேட்டாள். உட்கார்ந்து பதில் சொன்னான். எழுபத்தாறில் மறுபடி எழுந்தான். குழந்தை தண்ணீர் கேட்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு உள்ளே போனார்கள். டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், எழுத்து காட்டினாள், எதையோ எழுதினாள். “குறச்சு கூடி நேரத்தே வரேண்டதாயிருந்நு. சாரமில்ல, சமயமுண்டு.”

“கொஞ்சம் முன்னக்கூட்டியே வந்திருக்கணுமாம்” என்று தர்மாம்பாளுக்குச் சொன்னான். “ஆனாலும் நேரம் இருக்காம்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் குழந்தையின் இடது கண்ணில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். கண்ணாடி எழுதிக் கொடுக்கிற அறை வராந்தாவின் மறு கோடியில் என்று கையைக் காட்டினாள். “நிமிஷத்துல வந்துடறேன், பாத்துக்கோங்கோ” என்று தர்மாம்பாள் டாக்டரம்மா எழுதின சீட்டோடு ஓடினாள். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. ஆட்டோவில் தம்பானூர் பதினைந்து நிமிஷம். பன்னிரண்டே முக்காலுக்குள் புறப்பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பக்கத்திலிருந்த ஓர் அம்மாளிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சைகை காட்டிவிட்டு, சத்தியதாஸ் எழுந்து பையைத் தோளில் மாட்டினான்.

பெஞ்சு அசைந்ததும் அனந்தலக்ஷ்மி முகத்தைத் தூக்கினாள். கட்டாத கண் அகலத் திறந்திருந்தது. பயந்துபோய்க் கையை நீட்டினாள். முதல் தடவை காற்றைப் பிடித்தாள். இரண்டாம் தடவை அவன் சுண்டுவிரல் அகப்பட்டது.

“அம்மா, எங்கேயும் போகாதே.”

பேசினால் அம்மா இல்லை என்று தெரிந்துவிடும். சத்தியதாஸ் பேசவில்லை. குழந்தை அந்த ஒற்றைக் கண்ணால் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் வட்டமாக ஒரு கடிகாரம் இருந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்கப் பார்ப்பவள் மாதிரி கண்ணைச் சுருக்கினாள். அவன் நின்றபடியே அவள் முகத்தைப் பார்த்தான். பெரிய முள் ஒன்பதைத் தொட்டது, தாண்டியது. விரலை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.