ஆறு பாருக்கு ஒரு பலாக்காய்

கொளஞ்சியப்பனுக்குப் பலம் போதாது என்று வடக்குத்து ஊரில் யாரும் சொல்லிவிட முடியாது. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. சிமெண்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடியே நடப்பான். அவனுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. உள்ளங்கை வேர்க்கும். சும்மா வேர்க்காது, குழாய் சரியாக மூடாத மாதிரி சொட்டும்.

இந்தக் குறை அவனை இருபது வருஷம் ஒன்றும் செய்யவில்லை. 1963ஆம் வருஷம் மே மாதம் இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை, கடலூர் மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்த பிறகுதான் அது பெரிய குறையாகிப் போனது. ஓட்டம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மார்பளவும் சரி. ஆனால் கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்படி உடம்பை ஆறு தடவை இழுக்க வேண்டும். பட்டாளத்துக்காரர்கள் அதை 'பார்' என்கிறார்கள். ஆறு பார் எடுக்காதவன் அப்படியே வீட்டுக்குப் போகலாம். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது கொளஞ்சியப்பனுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

"மைன்ஸுதான் பக்கத்துலயே இருக்குதே, இங்கியே இருந்து பெர்மனென்ட் ஆவக்கூடாதா?" என்றாள் அவன் அம்மா மாணிக்கம்மாள்.

"இங்க பெர்மனென்ட் ஆவறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிப் பூடும். மிலிட்டரில சேந்த அன்னிக்கே பெர்மனென்ட்."

"சுட்டுப்புட்டா?"

"அதுவும் பெர்மனென்ட்டுதான்."

மாணிக்கம்மாள் கையிலிருந்த கரண்டியாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பயிற்சிக்கு இடம் கொடுத்தவன் வேலுமணி. டைம் ஆபீஸ் குமாஸ்தா, கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரன், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அவன் வீட்டுப் பின்புறத்தில் துணி காயப்போட இரண்டு தூண் நட்டு, குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போட்டிருந்தார்கள். அதுதான் பார். வேலுமணிக்குப் பட்டாள ஆசை கிடையாது; கணக்கெழுதும் ஆசை மட்டும் உண்டு. ஒரு பழைய ஷிப்ட் ரிஜிஸ்டரில் கோடு போட்டு, தேதி, நேரம், வெயில், எண்ணிக்கை, காரணம் என்று ஐந்து பத்தி பிரித்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணு" என்பான். "இரு, எழுதிக்கறேன்."

கொளஞ்சியப்பன் தொங்கிக்கொண்டே இருப்பான். வேலுமணி பேனாவை உதறி, ஒரு கோடு போட்டு, ஊதிக் காயவைத்து, "ம், அடுத்தது" என்பான்.

"ரெண்டு. இரு, எழுதிக்கறேன்."

மூன்றாவதில் கை வழுக்கி, கொளஞ்சியப்பன் தொப்பென்று கீழே கிடப்பான். சில நாள் ஈரப் புடவையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவான்.

"ஏனுங் கண்ணு," என்று வேலுமணியின் தாயார் சுப்புலட்சுமி ஜன்னல் வழியே கேட்பாள், "இன்னிக்கு நீ காயறயா, இல்ல நான் துணி காயப்போடட்டுமா?"

காரணம் என்ற பத்தியில் முதல் நாள் 'வேர்வை' என்று எழுதினான் வேலுமணி. அடுத்த பன்னிரண்டு நாளும் 'மேற்படி'.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. அடுப்புச் சாம்பலைப் பூசிப் பார்த்தார்கள். வேர்வையில் குழைந்து சேறானது. சுப்புலட்சுமியின் முகப்பவுடரைப் பூசிப் பார்த்தார்கள்; விழும்போது மணமாக விழுந்தான். செம்மண்ணைத் தேய்த்துப் பார்த்தார்கள். காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியில் இரண்டு கை பதிந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பண்ருட்டி மண்டியில் லாரிக்குப் பலாக்காய் ஏற்ற ஆள் வேண்டுமென்றார்கள். கொளஞ்சியப்பன் போனான். காம்பு நறுக்கிய காய்கள், பால் வடிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பஸ் ஏறி, மேல் கம்பியைப் பிடித்து நின்றான். வடக்குத்து வந்தது. கை வரவில்லை.

"எறங்குய்யா, ஒன் ஸ்டாப்பிங்தான்" என்றார் கண்டக்டர்.

"நான் எறங்கறங்க. கைதான் வரமாட்டேங்குது."

"கைய வுட்டுட்டு எறங்கறதுன்னா எறங்கு. டயம் ஆவுது."

பஸ் அவனை வடலூர் வரைக்கும் கொண்டுபோயிற்று. அங்கே இறங்கிய ஒரு அம்மாள் தன் எண்ணெய்த் தூக்கைத் திறந்து இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் கம்பி அவனை விட்டது. நடந்தே திரும்பினான். ஆனால் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். நேரே வீட்டுக்குப் போகாமல் வேலுமணியின் கதவைத் தட்டினான்.

"வேலுண்ணே, கெடைச்சிப்புட்டுது!"

மறுநாள் பலாப்பாலை லேசாக ஒரு பூச்சுப் பூசிக்கொண்டு குழாயைப் பிடித்தான். வேலுமணி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வர, ஆறு பார் வந்துவிட்டது. எழுதி முடிக்கும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொங்க முடிந்தது. இறங்கத்தான் கொஞ்சம் சிரமம். நல்லெண்ணெய் விட்டதும் அதுவும் சரியாயிற்று.

வேலுமணி முகம் பிரகாசமாயிற்று. "மைதானத்துல வெயில் ஜாஸ்தி. பயமும் ஜாஸ்தி. அப்ப ஒரு பூச்சு பத்தாது. ரெண்டு பூச்சு போட்டுக்க."

இருபத்தேழாம் தேதி விடியற்காலையில் மாணிக்கம்மாள் ஒரு பலாக்காயும் சின்ன எண்ணெய்ப் புட்டியும் கொடுத்தாள். "எண்ணெய் தடவாம பலாவத் தொடறவன் இந்தப் பக்கத்துல பொறந்தவனே இல்ல. மறக்காதடா."

"முன்னாடி தடவினா பிடியே போயிருங்க, அம்மா. எல்லாம் முடிஞ்சப்புறந்தான்" என்று வேலுமணி புட்டியை வாங்கித் தன் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டான்.

மைதானத்தின் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். அரை நிஜாரோடு வந்த ஆட்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். வேலுமணி கயிற்றுக்கு வெளியே நின்றான். எண்ணெய்ப் புட்டியும் அவனோடு வெளியே நின்றது.

ஓட்டத்தில் கொளஞ்சியப்பன் நான்காவதாக வந்தான். பார் எடுப்பதற்கு வரிசை நின்றது. மறைவாகப் போய், துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பலாக்காயின் பாலை இரண்டு பூச்சுப் பூசிக்கொண்டு வந்து நின்றான். கையை மூடினால் மூடியபடி ஒட்டிக்கொள்ளும். தொங்கவிட்டால் நிஜாரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் நீட்டியபடி முக்கால் மணி நேரம் நின்றான்.

ஆள் எடுக்க வந்த ஹவில்தார் பரமசிவம் திருநெல்வேலிக்காரர். மீசை பெரிது. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, என்ன, பிரசாதம் வாங்கவா வந்திருக்கே? ஏறுலே."

ஏறினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஹவில்தார் கைதட்டும் வேகத்தில் எண்ணினார். ஆறு. மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று கொளஞ்சியப்பனுக்கு.

"போதும்லே. எறங்கு."

கையை இழுத்தான். வரவில்லை. வலுவாக இழுத்தான், கைக்குப் பதில் உடம்பு மேலே போயிற்று.

"ஏழு" என்றார் ஹவில்தார். "பலே!"

உடம்பை முறுக்கி, காலை உதைத்து இன்னொரு தரம் இழுத்தான். எட்டு. ஒன்பது. வரிசையில் நின்றவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். பதினொன்றில் ஹவில்தாரின் முகம் மாறிற்று.

"எறங்குன்னு சொன்னா எறங்கணும்லே. பட்டாளத்துல மொதப் பாடமே அதான்."

"எறங்க முடியலீங்க."

"ஏற முடியலைன்னு ஆயிரம் பேரு வந்திருக்கானுவ. எறங்க முடியலைன்னு வந்தவன் நீ ஒருத்தன்தாம்லே!"

சத்தம் கேட்டு, நிழலில் உட்கார்ந்திருந்த கேப்டன் எழுந்து வந்தார். வடக்கத்திக்காரர். தன் பிரம்பால் கொளஞ்சியப்பனின் விரலை மெல்லத் தட்டினார். பிரம்பும் ஒட்டிக்கொண்டது. அவர் இழுத்தார், கொளஞ்சியப்பன் ஊஞ்சல்போல் அவரோடு கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

கயிற்றுக்கு வெளியே வேலுமணி புட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "எண்ணெய்! எண்ணெய்!" என்று கத்தினான். காவலுக்கு நின்ற சிப்பாய் அவனை எண்ணெய் வியாபாரி என்று நினைத்து இன்னும் பத்தடி தள்ளி நிறுத்தினான்.

கொளஞ்சியப்பன் கீழே பார்த்தான். வரிசையில் அடுத்து நின்றவன் அய்யாசாமி, சேத்தியாத்தோப்புப் பையன், பனைமர உயரம். நல்ல காரியத்துக்குப் போகிறான் என்று அவன் வீட்டில் எண்ணெய்க் குடத்தையே கவிழ்த்து அனுப்பியிருந்தார்கள். நெற்றியில் வழிந்து, காதில் இறங்கி, வெயிலில் தலை செப்புக்குடம் மாதிரி மின்னிற்று.

"அண்ணே," என்றான் கொளஞ்சியப்பன் கெஞ்சலாக, "ஒங்க தலைய ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"எதுக்கு?"

"தலையக் குடுலே!" என்றார் ஹவில்தார்.

அய்யாசாமி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் கம்பியில் முட்டுக்கொடுத்தான். முதலில் இடது கை, பிறகு வலது கை என்று தேய்த்துத் தேய்த்து, பத்து நிமிஷத்தில் கொளஞ்சியப்பன் விடுதலையாகிக் கீழே விழுந்தான். அய்யாசாமியின் முடி ஒரு பிடி கம்பியிலேயே தங்கிவிட்டது. கேப்டனின் பிரம்பும் தனியே கழன்று வந்தது.

இனி சிரிப்பு இல்லை. கேப்டன் கேட்டார், ஹவில்தார் தமிழில் சொன்னார்: "ஏமாத்து வேலையான்னு கேக்கார்."

கொளஞ்சியப்பன் தன் கையைப் பார்த்தான். பொய் சொன்னால் தப்பலாமா என்று யோசித்தான். ஒட்டுகிற கையை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது? "பாலு புடிச்சிகினு இருந்துதுங்க. தூக்கல. தூக்கினது நான்தாங்க" என்றான்.

ஹவில்தார் அதை இந்தியில் சொன்னார். கேப்டன் அவன் உள்ளங்கையைப் பிரம்பு நுனியால் புரட்டிப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி ஏதோ உத்தரவு போட்டார்.

"அரை மணி நேரம் ஒக்காரு. சோப்புப் போட்டுக் கையக் கழுவு. மறுபடி ஆறு. வந்தா வந்துது, இல்லாட்டி வீட்டைப் பாத்து நட."

பதினொரு பார் எடுத்த கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். கழுவக் கழுவ வேர்த்தது. கம்பியின் கீழே போய் நின்றபோது விரல் நுனியில் முத்து முத்தாகத் தெரிந்தது. மூன்றாவதில் விழுவேன் என்று நினைத்துக்கொண்டே தாவினான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

மூன்று வந்துவிட்டது. விழவில்லை. 'இரு, எழுதிக்கறேன்' என்ற குரல் வரவில்லை. தொங்கிக்கொண்டு நிற்க வேலையே இல்லை. வேர்வை வந்து சேர்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. நாலு. அஞ்சு. பன்னிரண்டு நாள் 'மேற்படி'க்கு என்ன காரணம் என்பது ஐந்தாவது பாரில்தான் அவனுக்கு விளங்கிற்று. ஆறாவதில் தோள் எரிந்தது, கை வழுக்க ஆரம்பித்தது. கழுத்தைக் கோழிபோல் நீட்டி, தாடையைக் கம்பிக்கு மேலே காட்டிவிட்டு, அதே வேகத்தில் ஹவில்தாரின் காலடியில் வந்து விழுந்தான்.

"ஆறு" என்றார் பரமசிவம், மீசைக்குள் சிரித்தபடி. "இந்த வாட்டி சொல்லதுக்கு முன்னாலயே எறங்கிட்டான், சார்."

கேப்டன் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேலுமணி ரிஜிஸ்டரோடு காத்திருந்தான். சீட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சட்டென்று பேனாவைத் திறந்தான்.

"எண்ணிக்கை ஆறு. காரணம் என்னன்னு போடறது?"

கொளஞ்சியப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்த மனுஷன். ஒரு நாளும் சலித்துக்கொள்ளாதவன்.

"வேர்க்கலைன்னு போடுங்கண்ணே."

"அது எப்படி வேர்க்காம இருந்துது?"

"தெரியலீங்கண்ணே."

அதற்குள், ரோட்டோரம் நின்றிருந்த பண்ருட்டி பஸ் நகர ஆரம்பித்தது.

"இரு, எழுதிக்கறேன்" என்றான் வேலுமணி.

கொளஞ்சியப்பன் இருக்கவில்லை. ஒரு கையால் வேலுமணியின் ஜிப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, மறு கையால் படிக்கட்டுக் கம்பியை எட்டிப் பிடித்தான்.