கோயிலின் இடது கை

எங்கள் கோயிலை மேலேயிருந்து பார்த்தால் சிலுவை மாதிரி இருக்குமாம். பறவைகளுக்குத்தான் அது தெரியும். எங்களுக்குத் தெரிந்தது அதன் இடது கை மட்டும். நடுக்கூடம் மேல்சாதிப் பெரிய தெருவுக்கு. இடது கை, தனி வாசலோடு, எங்கள் தெருவுக்கு. பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த சாமியார்கள் அதைக் கட்டியபோது சுண்ணாம்பு அரைத்ததும் கல் சுமந்ததும் எங்கள் சனம். ஆனால் பீடம் சிலுவையின் தலைக்குள் ஆழத்தில் இருந்தது. நாங்கள் முழந்தாளிட்ட இடத்திலிருந்து ஒரு தூண்தான் தெரியும். மணி அடித்தால் எழுந்தேற்றம் என்று தலை குனிவோம். அந்நேரம் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிப்பதை என் அம்மா அருளாயி ஒருநாளும் கண்டதில்லை.

அறுபத்தைந்தாம் வருடம், ஆயரின் தலைக்கோயில் இருக்கும் புதுவையிலிருந்து எங்கள் கடலூர்ப் பங்குகளுக்கு உத்தரவு வந்தது. இனிப் பூசை லத்தீனில் இல்லை, தமிழில். சாமியார் சனங்களைப் பார்த்து நிற்பார். அதற்காக மரப்பீடம் ஒன்றைச் சிலுவையின் நடுவில், கைகள் சேருமிடத்தில் வைப்பார்கள்.

"கை சேர்ற எடம்னா, நம்ம மூக்குக்கு முன்னாலயா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பெரிய தெரு ராயப்பருக்கும் அது புரிந்துவிட்டது. சனிக்கிழமை சாமியார் சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசப் போயிருந்த நேரத்தில், இடது கையை மறைத்து மூங்கில் தட்டி கட்டச் சொன்னார். கட்டியது அவர் நிலத்தில் வேலை செய்யும் என் அப்பா தேவசகாயம்.

"நீயேவா கட்டுன?" என்றாள் அம்மா.

"பின்ன? அவுரு ஏணியில ஏறுவாரா?"

"ஏறுனா ஏணி தாங்குமா?" என்று பக்கத்து வீட்டுச் சவரியம்மா சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கும் எனக்குத் தூணுதானா?" என்றாள். அப்பா சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் தட்டிக்கு இப்பால் உட்கார்ந்திருந்தோம். சாமியார் வரும் காலடி கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"ஆரம்பிங்க சாமி" என்றார் ராயப்பர்.

"பாதி சனத்தைக் காணோமே. எப்படி ஆரம்பிக்கிறது?"

அப்போதுதான் பார்த்தேன். பீடத்தின் பக்கம் நின்று கட்டக் கூச்சப்பட்டு, அப்பா எல்லாக் கட்டுகளையும் எங்கள் பக்கமிருந்தே கட்டியிருந்தார். கயிற்றின் முடிச்சுகள் எங்களைப் பார்த்திருந்தன.

அம்மா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதல் முடிச்சை அவிழ்த்தாள். மேல் முடிச்சு அவளுக்கு எட்டவில்லை. அப்பா பின்னாலிருந்து வந்து கையை நீட்டி அவிழ்த்தார். தட்டி சாய்ந்தது.

எவ்வளவு வெளிச்சம்! உயரத்து வண்ணக் கண்ணாடிகளின் சிவப்பும் நீலமும் பீடத்துணியில் விழுந்து கிடந்தன. நடுக்கூடத்து முன்வரிசையில் எங்களைப் பார்த்தபடி ராயப்பர் நின்றார். அருகில், கைநீட்டினால் தொடலாம் போல, சாமியார்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார் அவர். நாங்கள் பேசும் பேச்சிலேயே சொன்னார்.

எழுந்தேற்ற மணி அடித்தது. பழக்கதோஷம், எங்கள் தெரு முழுவதும் தலை குனிந்துவிட்டது, நானும்தான். ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்மா மட்டும் முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தாள். அவள் இமைக்கவேயில்லை.

வெளியே வந்ததும், "என்னம்மா பார்த்த?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மதில் தாண்டும்வரை நடந்தாள். பிறகு என் காதருகில் மெல்லச் சொன்னாள்:

"அதைத் தூக்குறப்ப சாமியாருக்குக் கை நடுங்குதுடி. தெனம் தூக்குற கை."