ஒட்டுப் போட்ட கை

தெர்மாகோல் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் முதலில் மீன் வாடைதான் வந்தது. உள்ளே துண்டில் சுற்றிய டிரோன். கருணாகரன் அதை இரண்டு கையாலும் எடுத்துச் சங்கமித்ராவின் மேசைமேல் வைத்துவிட்டு ஓர் எட்டு தள்ளி நின்றார்.

கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய பத்துக்குப் பத்து அறையில் கல்யாண வீடியோக்காரர்களின் டிரோன்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. அவர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார். டிரோன் அவர் மகன் விமலுடையது. விமல் காணாமல் போய் நாலு நாள். ஞாயிறு விடியலில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது அலை படகைப் புரட்டியது. நாலு பேரில் மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். மூவரில் அவரும் ஒருவர். போலீஸ், மீன்வளத்துறை, சொந்தக்காரர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போனதை, எங்கேயும் நிறுத்தாமல் அவளிடமும் சொல்லி முடித்தார்.

கடல் யாரையாவது கொண்டுபோனால், உடல் கிடைக்கும்வரை குப்பத்தில் யாரும் வலை எடுப்பதில்லை. எல்லாப் படகும் தேடத்தான் போகும். ஆனால் வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? நாளைக் காலையிலிருந்து தொழிலுக்குப் போகலாம் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. இன்னும் பார்க்காத இடம் ஆற்றின் உள்பக்கம்தான். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறும் அலையாத்திப் புதரும். படகு ஏறாது, கால் வைத்தால் இடுப்புவரை இறங்கும். மேலேயிருந்துதான் பார்க்க முடியும்.

“ஏத்துனா தானா சுத்திக்கினு போவுது. அஞ்சு நிமிசத்துல சூடாயி எறங்கிடுது” என்றார். “அங்க போயி வரவே எட்டு நிமிசம் ஓணும்னு அவன் தோஸ்துங்க சொல்றானுங்க.”

சந்தில் ஆள் உயரத்துக்கு ஏற்றிப் பார்த்தாள். சொன்னது சரி. யாரோ தோளைப் பிடித்துத் திருப்புவதுபோல் டிரோன் மெல்ல இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்தில் இறக்கி, நாலு மோட்டார்மேலும் விரல் வைத்தாள். மூன்று எண்ணும்வரை விரல் தாங்கினால் நல்ல மோட்டார். முன்பக்க வலது, ஒன்று எண்ணுவதற்குள் சுட்டது. அதற்கு எதிர்மூலையில் பின்பக்க இடதும் அப்படியே. மற்ற இரண்டும் வெதுவெதுப்பு.

கருணாகரனும் கை வைத்தார். உள்ளங்கை முழுவதையும் சுடுகிற மோட்டார்மேல் வைத்து, எடுக்காமல் நின்றார். நாற்பது வருஷம் கயிறு இழுத்த கை.

“சூடு எங்க கீதும்மா?” என்றவர் தன் கையையே பார்த்தார். “இத்தத்தான் அவங்கிட்டயும் கேட்டேன். சூடாவுது நைனா, ஏத்த முடியலன்னான். தொட்டுப் பாத்துட்டு, கடலுக்கு வராம இருக்க நல்லா கத வுட்றடான்னேன்.”

சங்கமித்ராவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கொதிக்கிற டீ கிளாஸை அடியில் பிடித்துக் குடிப்பார். அந்தக் கைகளுக்குச் சூடு தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

சுட்ட மோட்டாரையும் சுடாத மோட்டாரையும் இடம் மாற்றிப் பூட்டினாள். மறுபடி அதே மூலைதான் சுட்டது. அப்படியானால் கோளாறு மோட்டாரில் இல்லை. உண்மையில் அந்த மூலைகளில் இருந்த இரண்டும் புத்தம் புதியவை. திருகாணிகூடப் பளபளத்தது. இறக்கைகள் நாலும் புதிது. வயர்கள் மறுபடி பற்றவைக்கப்பட்டிருந்தன. விமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறான்.

டிரோனைக் கண்ணாடித் தகட்டின்மேல் நிறுத்தி, ஒவ்வொரு மோட்டார் தலையிலும் குட்டி ரசமட்டத்தை வைத்தாள். மூன்றில் குமிழி நடுவில் நின்றது. பின்பக்க வலதில் ஓரத்துக்கு ஓடியது. அந்தக் கை நடுவில் ஒடிந்து ஒட்டப்பட்டிருந்தது. படகுக்குப் போடுகிற ஃபைபர் ஒட்டு. பிசினைக் குழைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தார்கள். நல்ல வேலைக்காரன் வேலை. ஆனால் பிசின் இறுகும்போது கை நூலளவு முறுக்கிக்கொண்டுவிட்டது. மோட்டார் சாய்ந்து உட்கார்ந்து, காற்றைப் பக்கவாட்டில் தள்ளி, டிரோனைத் திருப்புகிறது. திரும்பாமல் நிறுத்த, சுட்ட அந்த இரண்டு மோட்டாரும் மாரடிக்கின்றன. கோணலான கை சுடவே இல்லை. அதற்கும் சேர்த்து உழைத்தவைதான் வெந்தன.

யார் ஒட்டியது என்று கேட்டாள்.

“நான்தான். ஒடிச்சதும் நான்தான்.”

ஆவணி மாதத்தில் ஒருநாள், ராயபுரத்தில் கல்யாணம் எடுக்கப் போகிறேன் என்று விமல் படகுக்கு வராமல் நின்றிருக்கிறான். இவர் டிரோனைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவன் தூங்கும்போது இவரே எடுத்துக்கொண்டு போய், படகுக்கு வாங்கிய பிசினில் ஒட்டி, மணலில் காயவைத்து, அவன் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

“படகு ஒடைஞ்சாலும் இது ஒடையாதுடான்னு சொன்னேன். சிரிச்சான்.”

அதற்குப் பிறகு இரண்டு கல்யாணத்தில் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்காமல் நழுவிக்கொண்டே போனார்களாம். போன ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே, அவனாகப் படகில் வந்து ஏறினான்.

மோட்டார் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று சங்கமித்ரா நினைத்தாள். அவர் அதற்குள் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துவிட்டார்.

“அந்த ஒட்டுலதான் கோளாறா?”

“லேசா சாஞ்சிருக்கு நைனா.”

“அவனுக்குத் தெரியுமா?”

புது மோட்டார், புது இறக்கை, புது வயர். யாரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த ஒட்டு. அதன்மேல் மட்டும் ஒரு கத்திக் கீறல்கூட இல்லை.

“தெரிஞ்சிருக்கும்.”

கருணாகரன் வாசற்படியில் உட்கார்ந்தார். சரக்கு ரயில் ஒன்று மெதுவாகக் கடந்து போனது. ஒட்டை அராவக் கையிலெடுத்த அரத்தை அவள் திரும்ப வைத்தாள். காலி கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி, இரண்டு கீற்றுத் தகடுகளை மோட்டாரின் தாழ்ந்த பக்கத்தில் செருகி இறுக்கினாள். குமிழி நடுவுக்கு வந்தது. இடம் மாற்றிய மோட்டார்களையும் பழைய இடத்திலேயே பூட்டினாள். நேரம் பன்னிரண்டரை. ஓட்டத் தெரிந்தவள் என்று அவளே கூடப் போனாள்.

முகத்துவாரக் கரையில் கூட்டம் அதிகம் இல்லை. வலைகளை எடுத்து நாளைக்காகச் சரிபார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவரைக் கண்டதும் கையில் இருந்ததைக் கீழே போட்டார்கள். விமலின் அம்மா குணசுந்தரி கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், அனுமதியில்லாத டிரோன் ஏறும்போது பார்க்காததுபோல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

காற்றிருந்தும் அது திரும்பவில்லை. நிறுத்திய திசையைப் பார்த்து அப்படியே நின்றது. பிறகு ஆற்றைத் தாண்டிப் போனது. திரையில் சாம்பல் நிறச் சேறு, புதர், கொக்குகள், நீலப் பிளாஸ்டிக் குடம் ஒன்று, மறுபடி சேறு. பதின்மூன்று நிமிடம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

இறங்கியதும் கருணாகரன் மண்டியிட்டு மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தார். அந்தக் கையை நம்பாமல் உடனே எடுத்துவிட்டார். டிரோனைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, நாலு மோட்டாரையும் ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“சுடல” என்றார்.

சங்கமித்ரா அடுத்த பேட்டரியை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் இன்னும் அந்த ஒட்டுப் போட்ட கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.