பிறகு நினைவூட்டு

"நான் உங்க வீட்ல வந்து பேசட்டுமா?"

அந்தக் கேள்வி மேசைக்கு அடியிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்தவர் மல்லாந்து படுத்து, தலையை ஒயர்களுக்கு நடுவே விட்டுக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். இடது சாக்ஸின் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிச்சல் வராமல்தான் மனிதர் அங்கே போய்ப் படுத்துக்கொண்டு கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் அந்தப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் சொல்றேன்" என்றாள்.

"சரி" என்றது மேசையின் அடி. "அந்த ஸ்குரு டிரைவரைக் கொஞ்சம் எடுங்க."

அது நடந்து நாலு வருடம் ஆகிறது.

அவள் வேலை பார்ப்பது ஒரு கோல்டு ஸ்டோரேஜில். மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் கூரை வரைக்கும் அடுக்கடுக்காக உறைந்து கிடக்கும். அறைகளுக்கு நடுவே கண்ணாடி வைத்த சின்ன ஆபீஸ். எந்தச் சரக்கு எந்த அறையில் இருக்கிறது, எந்த அறையில் எவ்வளவு குளிர் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. வருடம் முழுக்க ஸ்வெட்டர். எத்தனை சுவர் வைத்தாலும் குளிர் கதவிடுக்கு வழியாக வந்து காலடியில் படுத்துக்கொள்ளும். மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போகும். எழுத்தை அமுக்கினோமா இல்லையா என்பது விரலுக்குத் தெரியாது, திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கேள்வியை அவள் வீட்டில் மறைக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டாள். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்து, "உனக்குப் பிடிச்சிருந்தா சரிம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்டிக்கொண்டார். தம்பி தலையாட்டினான். தம்பி மனைவிதான் கையைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆள் எப்படி இருப்பாரு அண்ணி?"

"சாக்ஸ் ஓட்டை."

தம்பி மனைவி சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். தடை சொல்ல வீட்டில் ஒருத்தராவது இருந்திருந்தால், அவரோடு மல்லுக்கட்டவாவது அவளுக்கு உயிர் வந்திருக்கும். அப்படி யாரும் இல்லை. அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். அம்மா போனதிலிருந்து வீட்டில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பாள். நாளைக்கு அவர் வரமாட்டார். அவர் வருகிற நாளில் கம்ப்யூட்டர் எப்போது நின்றது என்று மட்டும் சொல்வாள். ஆனால் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பழைய கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திக்கொண்டு சும்மா நிற்கும், ஹெட் ஆபீஸிலிருந்து அவரை அனுப்புவார்கள். அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் தொப்பி வைத்த ரோமக் கோட்டை வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போவார்; அதனால் எல்லாருக்கும் கரடி அண்ணன். கம்ப்யூட்டர்காரரைக் கண்டதும் அவர் வாசலிலேயே குரல் கொடுப்பார்: "வாங்க டாக்டர். கிழவி இன்னும் மூச்சு விட்டுட்டுதான் இருக்கா." டாக்டர் சிரித்துக்கொண்டே பையைத் திறப்பார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டதை மறந்தவர் மாதிரியும் நடந்துகொள்ளவில்லை.

ஒருநாள் ஒயரைச் சுருட்டியபடி அவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். எல்லாக் கிளைகளிலும் கம்ப்யூட்டரைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றப் போகிறார்கள். அதன் பிறகு எது நின்றாலும் ஹெட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிடலாம்.

"அப்போ நான் வர வேண்டியிருக்காது" என்றார். சுருட்டி முடித்த ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

அடுத்த வாரமே திரையில் அந்தச் சின்னப் பெட்டி வந்தது. புதிய பதிப்பு தயார் என்றது. கீழே இரண்டு பட்டன்கள்: இப்போது மாற்று, பிறகு நினைவூட்டு. அவள் இரண்டாவதை அமுக்கினாள். மறுநாள் காலையும் வந்தது, மறுநாளும் அமுக்கினாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் முதல் வேலையாக அதைத்தான் செய்வாள். கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே வந்தது. ஆறாம் அறையின் குளிர் எவ்வளவு என்று அது காட்டுவதற்குள் தான் உள்ளே போய் விறைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்றார் கரடி அண்ணன். மற்ற கிளைகள் ஒவ்வொன்றாக மாறின. அவள் மட்டும் இரண்டாவதை அமுக்கிக்கொண்டிருந்தாள். மாற்றிவிட்டால் அவர் வரமாட்டார். நாளெல்லாம் செய்கிற வேலைகளில் அந்த ஒன்றைத்தான் அவள் தெரிந்து செய்தாள்.

காய்ச்சலில் படுத்த ஒருநாள் கரடி அண்ணனுக்குப் போன் போட்டாள். பெட்டி வந்தால் இரண்டாவதை அமுக்கச் சொன்னாள்.

"இதுக்கொரு போனா? நாளைக்கு எமனே வந்து நின்னாலும் நீ ரெண்டாவதைத்தாம்மா அமுக்குவே."

போன வெள்ளிக்கிழமை காலை பெட்டி வந்தபோது அதில் ஒரே ஒரு பட்டன்தான் இருந்தது. இப்போது மாற்று. மற்றது இருந்த இடம் வெறும் சாம்பல் நிறம். அவள் சாம்பல் நிறத்தின் மேலேயே கொஞ்ச நேரம் அமுக்கிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மாற்றிக் கொடுக்க அவரே வந்தார். கன்னத்தோரம் நரை இறங்கியிருந்தது. இந்த முறை மேசைக்கு அடியில் போகிற வேலை இல்லை. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, நூற்றுக்கு இத்தனை முடிந்தது என்று காட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கோப்புகள் வேண்டும் என்று கேட்டார்; எல்லாம் என்றாள். பின்னணிக்கு என்ன நிறம் என்று கேட்டார். எதுவானாலும் சரி என்றாள். அடுத்த வாரம் தன்னை வேறு ஊர் ஆபீஸுக்கு மாற்றுகிறார்கள் என்று வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரொம்ப தூரமா என்று கேட்டாள். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம் என்றார்.

கரடி அண்ணன் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "என்ன டாக்டர், கிழவியை அனுப்பி வெச்சாச்சா?"

"உசுரு அதேதாண்ணே. உடம்பை மாத்துறோம்."

"அப்படியே எனக்கும் ஒண்ணு பார்த்து வைங்க." வெளியே லாரி ஹாரன் அடித்தது. தலை மறைந்தது.

கதவு மூடியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எந்த மெஷின் எத்தனை தடவை தள்ளிப் போட்டுச்சுன்னு எங்களுக்கு அங்கே தெரியும். மத்த இடத்துல நாலு தடவை, அஞ்சு தடவை. உங்களுது மட்டும் தினம். எங்க மேனேஜர் மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சாரு. பட்டன் சிக்கிக்கிச்சு போலன்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

அவள் ஸ்வெட்டர் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏன் தள்ளிக்கிட்டே வந்தீங்க?"

இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் அவளிடம் முழுதாக இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து பஸ்ஸிலும் குளியலறையிலும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். மாத்திட்டா நீங்க வரமாட்டீங்களே. இரண்டு மூச்சுகூட வேண்டாத வாக்கியம்தான். வாயைத் திறந்தாள்.

"பழக்கமாப் போச்சு" என்ற தன் குரல் அவளுக்கே கேட்டது.

அவர் தலையசைத்துவிட்டுத் திரை பக்கம் திரும்பிக்கொண்டார். வட்டம் நின்றது. கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எரிந்து, எல்லாம் தயார் என்று பெரிய எழுத்தில் காட்டியது. ஆறாம் அறையைத் தொட்டுப் பார்த்தார். கண் சிமிட்டுவதற்குள் மைனஸ் பதினெட்டு என்று வந்தது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தார். முழுக்க மூடவில்லை. பாதியில் நிறுத்தினார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டது. மேசை, திரை, அதன் பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பிரிண்டர் என்று அவள் கண் ஒவ்வொன்றாகப் போனது.

"பிரிண்ட் வரல" என்றாள்.

அவர் பையைக் கீழே வைத்தார். ஷூவைக் கழற்றினார். மல்லாந்து படுத்து, அன்றைக்குப் போலவே ஒயர்களுக்கு நடுவே தலையை விட்டார். முழங்காலுக்குக் கீழே வெளியே தெரிந்தது. சாக்ஸ் புதுசு. இரண்டிலும் ஓட்டை இல்லை. அவரே வாங்கினாரா, யாராவது வாங்கிக் கொடுத்தார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்குரு டிரைவர் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒயர்கள் உரசுகிற சத்தம் வந்தது. அடியிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. அவர் கையை மட்டும் நீட்டிப் பையைத் துழாவி வேறொரு ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டார்.

சிவப்பு விளக்கு பச்சையானது. பிரிண்டர் இருமிக்கொண்டு ஒரு சோதனைத் தாளைத் துப்பியது. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, ஷூவைப் போட்டு, நாடாவைக் கட்டினார். தாளை எடுத்து வரிகள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அவள் கையில் கொடுத்தார்.

தாள் சூடாக இருந்திருக்க வேண்டும், மரத்த விரல்களுக்குத் தெரியவில்லை. அவள் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் பையைத் தோளில் மாட்டினார், கதவைத் தள்ளினார். வாசலில் தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைகளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு வெளியே போனார்.