நெகட்டிவ் வயரும் மாமனாரும்

ட்ராக்டர் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய அதே நொடியில், கூடத்தில் பேசிக்கொண்டிருந்த மாமனார் வாயைத் திறந்தபடியே நின்றுபோனார். உடம்பு சூடாக இருந்தது, முகம் களையாக இருந்தது, ஆள் மட்டும் இல்லை. ஓட்டாத பழைய வண்டிக்கு அந்த வயரைக் கழற்றி வைப்பது நல்லது என்று மெக்கானிக் சொல்லித்தான் மருமகன் கழற்றினான். மற்றபடி அவனுக்கு உள்நோக்கம் எதுவும் கிடையாது. பதறியடித்து ஓடி மறுபடி மாட்டினான். "அதான் சொல்றேன் மாப்ள, கதவுக் கீலை அந்தப் பக்கம் வச்சிருக்கணும்" என்று மாமனார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த ஒன்பது வருடத்தில், சட்டைக்குப் பொத்தான் தைப்பதுவரை மாமனாரின் யோசனை இல்லாமல் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. அதனால் முதலில் மேட்ச் பார்க்கும்போது அரைமணி நேரம் கழற்றினான். பிறகு விருந்தாளிகள் வந்தால் கழற்றினான். ஒருநாள் மாமியாரே ட்ராக்டர் கொட்டகைக்கு வந்து, "மாப்பிள்ளை, சாயங்காலம்வரைக்கும் மாட்டாதீங்க, கொஞ்சம் கண்ணசந்துக்கிறேன்" என்றார். கழற்றியிருக்கும் நேரத்தில் மாமனாருக்குப் பசிக்கவில்லை, தாடியும் வளரவில்லை. மூன்று வருடம் இப்படியே ஓடியது.

ஒரு மழைக்காலத்தில் குடும்பம் மொத்தமும் வெளியூர் போனது. வயரைக் கழற்றி, மாமனார்மேல் தூசி படாமல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் போய், நாற்பது நாள் கழித்து வந்து வயரை மாட்டினார்கள். டிக் என்று ஒரு சத்தம் வந்தது, ஒரு கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. அவ்வளவுதான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கழட்டி வச்சாலும் மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் ஏத்தணும்ல? உள்ள தகடெல்லாம் போச்சு. வேற பேட்டரிதான்" என்றார். புது பேட்டரியில் எழுந்திருப்பது இதே மனிதர்தானா என்று மாமியார் கேட்டார்.

மருமகன் கடைக்குப் போனான். பெரியது, சிறியது, தண்ணீர் ஊற்றுவது, ஊற்றாதது என்று பதினான்கு வகை வரிசையாக இருந்தன. எதை வாங்குவது என்று கேட்க ஆள் இல்லை. கடை நடுவிலேயே நின்று தேம்பித் தேம்பி அழுதான். அந்த மனிதர் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வெறுங்கையோடு திரும்பியவனைப் பார்த்து மெக்கானிக் தன் ஜீப்பைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து ட்ராக்டருக்குக் கொடுத்தார். மாமனார் கண் விழித்தார். "மாமா, எந்த பேட்டரி வாங்கட்டும்?" என்று மருமகன் கேட்டான். ஒன்றேமுக்கால் மணி நேரம் பதில் வந்தது. ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. அவர் சொன்னதையே வாங்கி, அவர் நடுவில் நின்றுபோகாதபடி ஜீப் வயரை எடுக்காமலே மாற்றினார்கள். அதே மனிதர்தான்.

இப்போது வாராவாரம் ட்ராக்டரை அரைமணி நேரம் ஓடவிடுகிறான். பக்கத்தில் மாமனாரை உட்காரவைத்து ஏதாவது கேட்கிறான். எஞ்சின் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தாரும் தங்கள் சந்தேகங்களோடு வந்துவிடுகிறார்கள். போன வாரம் ஏதோ கேட்டதற்கு மாமனார், "எனக்குத் தெரியல மாப்ள, நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க" என்றார். மருமகன் ஓடிப்போய், பேட்டரி மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.