நடு வரிசையில் ஒரு சிவப்பு வட்டம்

கமலக்கண்ணன் ஊருக்கென்று வைத்த வெடி, ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி வேகிற நேரத்தில், அவன் வீட்டுக் கூடத்திலேயே வெடித்தது.

வெடி என்றால் சத்தமெல்லாம் இல்லை. அவன் அம்மா செல்வாம்பாளின் போன் ஒருமுறை சிணுங்கியது, அவ்வளவுதான். தங்கை சரிதாவுக்கு நிச்சயம் ஆனதும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தார்கள். அதில் மாப்பிள்ளையின் அம்மா அமுதவல்லி ஒரு படம் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வார்த்தை கிடையாது. கைகூப்பும் பொம்மை ஒன்று, ரோஜாப்பூ ஒன்று.

"டேய் கண்ணா, இது என்னான்னு பாருடா. எழுத்து பொடிப்பொடியா இருக்குது."

வாங்கிப் பார்த்தான். வாயில் இருந்த இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

'பெண் வீட்டார் கவனத்துக்கு: சீர்வரிசை, ஒரே பார்வையில்!' என்று தலைப்பு. அதன் கீழே மூன்று வரிசைகள். ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் கோட்டு போட்ட ஒரு மாப்பிள்ளை பொம்மை சிரித்தது. முதல் பொம்மை தனியார் வேலை. அதற்குச் சில தட்டுகள், ஒரு மிக்சி, ஒரு பீரோ. இரண்டாவது அரசு வேலை. தட்டுகள் கூடிவிட்டன, பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பைக்கும் வந்துவிட்டன. மூன்றாவது பொம்மைக்குப் பக்கத்தில் ஈபிள் கோபுரம். பிரெஞ்சு குடியுரிமை உள்ள மாப்பிள்ளை. அவருக்குக் கீழே கார் நின்றது. தட்டுகள் படத்தை விட்டே வெளியே வழிந்தன. ஓரத்தில் ஒரு வட்டத்தைப் பத்துத் துண்டு போட்டு, எட்டுக்கு வண்ணம் அடித்து, 'புதுவையில் பத்தில் எட்டுக் குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன. ஆதாரம்: கள ஆய்வு' என்று எழுதியிருந்தது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நடு வரிசையைச் சுற்றி யாரோ விரலால் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை விஜய், அரசு அலுவலகம் ஒன்றில் யூ.டி.சி., அதாவது மேல்நிலை எழுத்தர்.

அவன் படித்துக் காட்டியதும் செல்வாம்பாள் கரண்டியோடு நின்றாள். "எவன்டா இத வரைஞ்சவன்? அவன் கை வெளங்குமா?"

அந்தக் கையால்தான் கமலக்கண்ணன் அடுத்த இட்லியை எடுத்துக்கொண்டிருந்தான். மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

ஈரத்தலையோடு வந்த சரிதா போனை வாங்கினாள். படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். கார் பொம்மைக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, இது உன் காக்காதானே?"

அது அவனுக்கிருந்த ஒரே கர்வம். தான் வரையும் எல்லாப் படத்திலும் எங்காவது ஒரு மூலையில் கடுகளவு காக்கை ஒன்றை உட்கார வைத்துவிடுவான். கடைக்காரன் பெயரில் போகிற படத்தில் தன் பெயர் வராது. காக்கையாவது இருக்கட்டுமே என்று.

"ஆபீஸ் வேலை," என்றான்.

புதுவையின் உப்பளம் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த ஆபீஸ். ஊர்க் கடைகளுக்கு ஆன்லைனில் விளம்பரம் செய்து கொடுக்கிற இடம். முதலாளி தணிகாசலம். சீர்வரிசைத் தட்டு அலங்கரித்து விற்கும் கடை ஒன்று வந்தபோது, "வெறும் தட்டு போட்டோ போட்டா எவன் பாப்பான்? இன்போகிராபிக் போடு. படமா இருந்தா சனங்க நம்புவாங்க. நம்பரும் இருந்தா பயப்படுவாங்க. பயந்தாத்தான்யா வாங்குவான்," என்றார். எத்தனை பேர் செய்கிறார்கள் என்ற கணக்குக்கு எங்கே போவது என்று கமலக்கண்ணன் கேட்டதும், டீ கொண்டுவந்த பக்கிரியைப் பார்த்து, "உங்க தெருவுல எல்லாரும் சீர் செய்யறாங்களா?" என்றார். "செய்யாம?" என்றான் பக்கிரி. கள ஆய்வு முடிந்தது. பத்துக்குப் பத்து என்றால் நம்பமாட்டார்கள் என்று இரண்டைக் குறைத்தவன் கமலக்கண்ணன். அந்த அளவுக்கு அவனுக்கும் மனசாட்சி உண்டு.

"இப்ப என்னா பண்றது?" என்றாள் செல்வாம்பாள். "வீட்டப் பேங்க்ல வெச்சாவது செஞ்சுடலாம். அப்பா இல்லாத பொண்ணுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

"வெச்சுப் பாரு," என்றாள் சரிதா. அவள் ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். பெண் பார்க்க வந்த அன்றே எல்லார் முன்னாலும், "சீர் அது இதுன்னு யாராவது வாயத் தொறந்தா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்," என்று சொன்னவள். மாப்பிள்ளையின் அப்பா பலராமன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே, "எங்களுக்குப் பொண்ணு மட்டும் போதும்மா," என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு விஜயோடு போனில் பேசிப் பேசி, இப்போது அவன் பெயரைச் சொன்னாலே குரல் கொஞ்சம் இறங்குகிறது. அது கமலக்கண்ணனுக்கும் தெரியும்.

"கேக்குறாங்களா, கேக்கலியா? அத மட்டும் தெரிஞ்சிக்கினு வா அண்ணா. கேக்குறாங்கன்னா நிறுத்திடலாம். கேக்கலன்னா, வெறும் சந்தேகத்துல நான் ஒரு நல்ல மனுசன எழந்துடக் கூடாது."

முதலில் தரகர் இராமதாசுக்குப் போன் போட்டான்.

"பார்வேர்டுதானே தம்பி? எனக்குந்தான் காலையில முருகர் படம் வருது. அதுக்குன்னு வேலு குத்திக்கிறனா?"

"அந்தச் சிவப்பு வட்டம்?"

"அலோ... அலோ... சிக்னல் கட்டாவுது தம்பி."

நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் அப்படியே அணைந்தது.

அன்று சாயங்காலமே, பத்திரிகை மாதிரியைக் காட்டுகிற சாக்கில் மூலக்குளத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனான். புதிதாக மாடி எடுத்த வீடு. உட்கார்ந்ததுமே அவன் கண் துப்பறிய ஆரம்பித்துவிட்டது. சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் காலியாக இருந்தது. அதில் புத்தம்புதிய பிளக் பாயிண்ட். போர்ட்டிகோவில் பழைய ஸ்கூட்டர் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது, யாருக்கோ இடம் விட்ட மாதிரி. தன் வீட்டிலும் இப்படி நாலு காலி இடம் இருக்கிறதே, யாரைக் கேட்டு விட்டோம் என்று தன்னையே கடிந்துகொண்டான். ஆனாலும் அந்த பிளக் பாயிண்ட் அவனைப் பார்த்து முறைத்தது.

"காலையில ஒரு படம் வந்துச்சுங்க அத்தை," என்று இழுத்தான்.

"ஆமாம்பா! கலரெல்லாம் நல்லாருந்துச்சு இல்ல?" என்றார் அமுதவல்லி, காபியை நீட்டியபடி.

"நடுவுல வட்டம் போட்டிருந்துச்சு."

"அதா? பவுடர் கையோட போனத் தொட்டனா, என்னமோ கோடு கீடு இழுத்துக்குச்சு."

பவுடர் கை, அரசு வேலையை மட்டும் தேடிப் பிடித்துச் சுற்றியிருக்கிறது! காபி கசந்தது. சர்க்கரை கம்மியா, சந்தேகம் அதிகமா என்று தெரியவில்லை.

"மாமா, நேராவே கேட்டுடறேன். நீங்க ஏதாவது எதிர்பாக்குறீங்களா?"

பலராமன் இரண்டு கைகளையும் விரித்தார். "அய்யய்யோ, நாங்க வாயத் தொறந்து ஒன்னு கேட்டமா? உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க. ஊரு செய்யுது. பத்துல எட்டுப் பேரு செய்யறான்னு போட்ருக்குதே."

கமலக்கண்ணன் காபியைக் கீழே வைத்தான். மானம் போனால் போகட்டும். "மாமா, அந்தப் படத்த வரைஞ்சதே நான்தான். பத்துல எட்டுன்னு போட்டதும் நான்தான். அது பொய். நானா குத்துமதிப்பா போட்டது."

பலராமன் அவன் தோளில் கை வைத்தார். கோபமில்லை, இரக்கம். "தம்பி, உங்க வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரியுது. அதுக்காக ஆதாரத்தோட போட்டிருக்கிற விசயத்தப் பொய்யுன்னு சொல்லக் கூடாது."

"ஆதாரமே நான்தான் மாமா!"

"கள ஆய்வுன்னு போட்ருக்குது," என்றார் பலராமன், முடிவாக.

தணிகாசலம் சொன்னது எவ்வளவு சரி என்று அந்த நிமிடம் அவனுக்குப் புரிந்தது. படத்தை நம்புகிறார்கள். வரைந்தவனை நம்பமாட்டார்கள்.

விஜய் உள்ளிருந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்திரிகை மாதிரியைப் புரட்டினான். "சூப்பரா இருக்குதுண்ணா," என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். ஹெல்மெட்டைக்கூட எடுத்துக் கொடுத்தான். கமலக்கண்ணனுக்கு மனசு இளகிவிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் இப்படி ஒரு பிள்ளைப்பூச்சி!

வீட்டுக்கு வந்து அதைத்தான் சொன்னான். "எல்லாம் அந்தம்மா வேலைதான். மாப்ள பாவம், ஒன்னும் தெரியாத புள்ள."

சரிதா தன் போனை எடுத்தாள். விஜயின் எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் வைத்தாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கணுங்க. அந்த வட்டம் யாரு போட்டது?"

மறுமுனையில் யாரோ குழாயை மூடினார்கள். அப்புறம் விஜய் தொண்டையைச் செருமினான்.

"அம்மாவுக்கு அதெல்லாம் போடத் தெரியாது சரிதா. நான்தான் போட்டேன்."

"அப்போ உங்களுக்கு இதெல்லாம் வேணும்னு கேக்குறீங்களா?"

"கேக்கலப்பா. நான் எங்க கேட்டேன்? ஆபீஸ்ல இருக்கிறவனுக்கெல்லாம் வந்துருக்குது, எனக்கு வரலன்னா என்னா நெனப்பாங்க? உங்களுக்கும் ஒரு ஐடியா இருக்கட்டுமேன்னு... நானா வாய்விட்டு ஒன்னும் சொல்லல இல்ல?"

"இல்லீங்க," என்றாள் சரிதா. "நீங்க வாய்விட்டு ஒன்னும் சொல்லல."

போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று செல்வாம்பாள் முந்தானையோடு கிட்டே வந்தாள். சரிதாவோ குழுவில் அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். சிவப்பு நிறத்தைத் தேர்ந்தாள். நடு வரிசையின் தலைமாட்டில் சிரித்துக்கொண்டிருந்த பொம்மையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தாள். அதையே குழுவில் போட்டாள். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. கைகூப்பும் பொம்மை ஒன்று, ரோஜாப்பூ ஒன்று. பிறகு குழுவை விட்டு வெளியேறினாள்.

உடனே இராமதாஸ் கூப்பிட்டார். இப்போது அவருக்குச் சிக்னல் பிரமாதமாக இருந்தது. செல்வாம்பாள் எடுக்கவில்லை. மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள், காலையில் குளித்த ஈரம் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தும்.

மறுநாள் தணிகாசலம் கமலக்கண்ணனின் முதுகில் தட்டினார். படம் ஊரெல்லாம் சுற்றுகிறதாம், தட்டுக் கடைக்காரர் குளிர்ந்துபோய்விட்டாராம். அடுத்தது தலைதீபாவளி, அதற்கும் மூன்று வரிசையில் ஒன்று வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவன், "எப்ப வேணும் சார்?" என்று கேட்டுவிட்டு வந்தான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தான். மோதிரம், பட்டு வேட்டி, மத்தாப்பு. லேபிலிருந்து வந்த சரிதா அவன் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல காக்காவக் காணோம்?"

அவன் லேப்டாப்பை மெல்லச் சாத்தினான். "உனக்கு நல்ல எடமா நான் பாக்குறேன் பாரு. பிரெஞ்சு மாப்ளயே வருவான், ஈபிள் டவரோட," என்று சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. நேற்றே அம்மாவிடம், 'என் மேலயா தப்பு?' என்று கேட்டிருந்தான், "உன் தலையெழுத்தா, அவ தலையெழுத்தா, விடுடா," என்றாள். பக்கிரியிடம்கூடக் கேட்டுவிட்டான், "உன் தொழிலு, நீ என்னா பண்ணுவ?" என்றான். எல்லாரும் அவனைச் சமாதானப்படுத்தினார்கள். அதுதான் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சரி, விஜய் போட்ட வட்டத்துக்கு நான் என்னா பண்ணுவேன்? என் மேல ஒன்னும் கோவம் இல்லல்ல?"

சரிதா பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"கோவந்தான்," என்றாள். "வட்டம் போட்டது அவரு. படம் போட்டது நீ."