மூன்றாம் மாடிப் படிக்கட்டு

கண்காட்சிக்கு வர அக்காவுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடையில் கால் கடுக்க நிற்கிறவள். ஞாயிற்றுக்கிழமையாவது நீட்டிப் படுக்க வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான். தங்கைதான் விடாப்பிடியாக இழுத்து வந்தாள். நகரத்தில் தனியாக வாழ்கிறவர்களைப் பற்றிய புகைப்படங்களாம், அலுவலகத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். தனியாக இருக்கிறவளைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு, என் வீட்டுக்கு வந்தாலே போதுமே என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

நீளமான கூடம். வெள்ளைச் சுவரில் படங்கள். ஒருத்தர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடியே சாப்பிடுகிறார். ஒரு பெண் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே சுற்றுவதைத் தொலைக்காட்சி மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “இது நீதான்க்கா” என்று தங்கை காதோரம் சொல்ல, அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பி முறைத்தார்.

கடைசிச் சுவரில் ஒரே ஒரு படம், மற்றவற்றைவிடப் பெரியது. எதிர்க் கட்டடத்திலிருந்து எடுத்தது. ஒரு குடியிருப்பின் படிக்கட்டு, அகலமான கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெரிகிறது. படியில் வயதான ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெண் ஒருத்தி இறங்கி வருகிறாள். ஒரு கையில் போன், மறு கை அவரைப் பார்த்து உயர்ந்திருக்கிறது. கீழே, ‘அண்டை வீட்டார். செவ்வாய், காலை 8.40’ என்று தேதியோடு போட்டிருந்தது. அத்தனை சோகத்துக்கும் பிறகு மனதுக்கு இதமாக ஒன்று என்பதுபோல அதை அங்கே வைத்திருந்தார்கள். பார்க்கிறவர்களும் அதன் முன் வந்ததும் முகம் மலர்ந்தார்கள்.

“ஏய், இது உன் பில்டிங்தானே? இது நீதான்க்கா!” என்றாள் தங்கை. இந்தத் தடவை கேலி இல்லை.

அவளேதான். தோளில் தினமும் கடைக்குக் கொண்டுபோகும் பச்சைப் பை. உட்கார்ந்திருந்தவர் அடுத்த வீட்டு ரேடியோக்காரர். அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. விடிந்ததிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ ஓடும், அதனால் வந்த பெயர். எட்டு மாதத்துக்கு முன் அந்த ரேடியோ மூன்று நாள் இரவும் பகலும் நிற்காமல் ஓடியது. தூங்க முடியவில்லை என்று காவலாளியிடம் புகார் சொன்னதே அவள்தான். வெள்ளிக்கிழமை கதவை உடைத்தார்கள். மாரடைப்பு, செவ்வாய்க்கிழமையே போயிருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகக் காவலாளி சொன்னார்.

அக்கா தேதியை மறுபடி படித்தாள். அதே செவ்வாய்.

படத்துக்கு நெருங்கிப் போனாள். அவருடைய வலது உள்ளங்கை நெஞ்சின் நடுவே அழுந்தியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டைக் காலர் வியர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்தது. பக்கத்துப் படியில் மருத்துவமனைக் கோப்பு ஒன்று. கடையில் இப்படி வந்து நிற்கிறவர்களுக்கு மாத்திரை கொடுக்காமல், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஆட்டோ பிடித்து அனுப்புகிறவள் அவள்.

அவள் கை உயர்ந்திருந்தது வணக்கத்துக்கல்ல. இப்போது நினைவு வந்தது. ‘ஒரு நிமிஷம்மா’ என்றார் அவர். போனில் இருக்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று கையைக் காட்டிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி இறங்கிப் போய்விட்டாள். காலையில் அந்த நேரத்தில் அவள் பேசுவது தங்கையிடம்தான். அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பது இருவருக்குமே நினைவில்லை.

தங்கை அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். யாரோ சொல்லி, படம் எடுத்தவரே தண்ணீர் பாட்டிலோடு வந்தார். கூச்ச சுபாவக்காரர், பருத்த உடம்பு. படத்திலிருப்பது அவள் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. உங்கள் படத்தைத்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அந்தப் பெரியவரையும் அழைத்து வந்திருக்கலாமே என்றார்.

“அவர் அன்னிக்கே செத்துட்டாருங்க” என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளை. பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“எவ்வளவு நேரம் அவரப் பார்த்துட்டு இருந்தீங்க?” என்று அவள் கேட்டாள்.

“கால் மணி நேரம் இருக்கும்.” அவர் தலை குனிந்தது. “எழுந்திருக்கப் பார்த்தார், முடியல. அப்புறம் கைப்பிடியப் பிடிச்சு மெதுவா மேல ஏறிப் போனார். ஏதோ மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. ஆனா, நீங்க பார்த்துப் பேசிட்டுத்தானே போனீங்கன்னு… விட்டுட்டேன்.”

அவர் நேராகப் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். ஏன் எடுக்கிறீர்கள் என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். அவர் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

வீடு திரும்பி விசாரித்தபோது, பெரியவருக்கு ஒரே மகள் என்று காவலாளி சொன்னார். ஊரின் மறுகோடியில், பள்ளிக்கூடமொன்றில் வேலை. தெரியாத வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு நிம்மதி, கிளறாதே என்று தங்கை கெஞ்சினாள். அது யாருடைய நிம்மதி என்று அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்த ஞாயிறு, படத்தின் சின்னப் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகவே போனாள்.

மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்களாம். அக்கா படத்தை மேசைமேல் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். மகள் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“டாக்டர்கிட்டப் போறப்போதான் இந்தச் சட்டையப் போடுவார்” என்றாள். பிறகு, “உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“ஒரு நிமிஷம்மான்னார். நான் நிக்கலைங்க.”

மகள் அழவில்லை, திட்டவும் இல்லை. படம் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னாள். அக்கா தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு இறங்கினாள்.

பத்து நாள் கழித்து, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் அந்தப் பெண் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

“நீங்க மருந்துக்கடையில இருக்கறதா சொன்னீங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாரா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விதி என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணே ஒருவேளை ஏற்றுக்கொண்டிருப்பாள். எதிரே மூன்று பேர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பிழைச்சிருக்கலாங்க” என்றாள். “கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி.”

“சரி” என்றாள் அந்தப் பெண். போன் வைக்கப்பட்டது.